மலையில் தெரிவது புகையா, மிஸ்ட்டா? – உயர்தர அளவையியல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது?

#1 தலவாக்கலை டீச்சர் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

தலவாக்கலைக்கு மேலே ஒரு பாடசாலையில் உயர்தரத்துக்கு அளவையியலும் (தர்க்கம்) விஞ்ஞான முறையும் படிப்பிக்கிறேன். 12ஆம் தரத்தில் 14 பிள்ளைகள். பதினொரு பேர் லயத்திலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். இந்த வருடம் கண் தெரியாத ஒரு மகளும் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு வேறு பாடம் பார்த்துக் கொடுக்கலாம் என்று எல்லாரும் சொன்னோம், நானும்தான். "எனக்கு இதுதான் வேணும்" என்று நின்றுவிட்டாள்.

போன கிழமை அனுமானம் பற்றிய பாடம். காலங்காலமாகச் சொல்கிற அதே உதாரணம்தான்: மலையில் புகை தெரிகிறது; புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையைப் போல; ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி "அதோ அந்த மலையில்" என்றேன். காலை எட்டு மணி. இரண்டு மாதமாக வாயே திறக்காத ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "மிஸ், அது புகை இல்லை மிஸ், மிஸ்ட்." மூடுபனியைத்தான் சொன்னான். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது கண் தெரியாத அந்த மகள் கேட்டாள்: "புகை என்றால் மணக்குமே மிஸ். எனக்கு ஒன்றும் மணக்கவில்லையே?"

அன்றைக்குக் குறிப்பே எழுதவில்லை. தூரத்தில் தெரிவதைப் புகை என்று எப்படி முடிவுசெய்வது, மணம் இல்லை என்றால் நெருப்பு இல்லை என்று சொல்லலாமா, காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் என்ன செய்வது என்று மணி அடிக்கும் வரைக்கும் பேச்சு. அடுத்த நாள் வழக்கம்போல குறிப்புச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். ஒரு கேள்வி இல்லை.

அதிலிருந்து மனசுக்குள் ஒரே குடைச்சல். வாக்கியங்கள் உண்மையா பொய்யா என்று வரிசை வரிசையாகப் போடுகிற உண்மை அட்டவணையையும், வட்டங்கள் போட்டுக் காட்டுகிற வென் வரைபடத்தையும் கண் தெரியாத பிள்ளைக்கு எப்படிக் கொண்டுபோவது? அதைவிடப் பெரிய கேள்வி, கண் தெரிகிற மற்றப் பதின்மூன்று பேருக்கும் இந்தப் பாடம் உண்மையில் போய்ச் சேர்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 பாஸ்பேப்பர் | ஞாயிறு, இரவு 10.15

டீச்சர், கேட்க நன்றாக இருக்கிறது. ஹட்டனில் இதே பாடத்துக்கு டியூஷன் எடுக்கிறவன் நான். என்னிடம் வருகிற பிள்ளைகளுக்குத் தேவை ஒரு ஏ அல்லது பி. அது கிடைத்தால் கம்பஸ். கிடைக்காவிட்டால் கொழும்பில் கடை வேலை, அல்லது அம்மாவோடு மலைக்கு. மிஸ்ட்டைப் பற்றி ஒரு பாடவேளை பேசிவிட்டீர்கள், சரி. அந்த 40 நிமிடத்தில் நான் மூன்று கடந்தகால வினாத்தாளில் அனுமானக் கேள்விகளை முடித்துக் கொடுத்திருப்பேன். கலந்துரையாடல் வசதியுள்ள பிள்ளைகளுக்குச் சரி. எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் புள்ளி வேண்டும்.

கண் தெரியாத பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

#3 வெண்கட்டி | திங்கள், காலை 6.05

நான் தமிழ் படிப்பிக்கிறவன், அளவையியல் ஆள் இல்லை. ஆனால் டீச்சரின் மிஸ்ட் கதையைப் படித்தவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மணிமேகலையின் 29ஆம் காதையைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறீர்களா? அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையியலைப் பாடமாகவே எடுக்கிற இடம் அது. பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) என்று வரிசையாக வரும். மலை, புகை, நெருப்பு, அடுக்களை எல்லாம் அங்கேயே இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த எந்த வழியில் அனுமானம் பிழைத்துப்போகும் என்று ஒரு பட்டியல் வருகிறது பாருங்கள், அதில் ஒன்றுக்குப் பெயர் சித்தாசித்தம். ஆவியா பனியா என்ற சந்தேகம் தீராமலே, அதைப் புகை என்று துணிந்து, நெருப்பு உண்டு என்று நிறுவப் பார்ப்பது. உங்கள் வகுப்புப் பையன் சொன்னது அச்சொட்டாக இதுதான். அவன் பாடத்தைக் குழப்பவில்லை டீச்சர், பாடத்தின் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறான். அந்தப் பக்கம் நம் பாடக்குறிப்பில் இல்லை, அவ்வளவுதான்.

இதை அவனிடம் சொல்லுங்கள். காப்பியத்தில் உள்ள ஒரு பிழைவகையைத் தானே கண்டுபிடித்தவன் என்று தெரிந்தால், அடுத்த முறை இரண்டு மாதம் காத்திருக்க மாட்டான்.

#4 கேட்டுப்படிப்பவன் | திங்கள், மதியம் 1.20

எனக்குக் கண் தெரியாது. மெய்யியலைப் பட்டப்படிப்பில் ஒரு பாடமாக எடுத்து முடித்தவன். அதனால் இந்தக் கேள்வி எனக்கானது என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பாமினி. டீச்சர், உங்கள் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று அர்த்தம். பாமினியில் 'பாமினி' என்று அடித்தால் கொம்பியூட்டருக்குள் இருப்பது ஜி எச் கே பி டி பி என்ற ஆங்கில எழுத்துகள். உங்கள் கண்ணுக்குத் தமிழ். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்கிற என் திரைவாசிப்பானுக்கு அது ஜி எச் கே பி. நான் படித்த காலத்தில் ஒரு முழுப் பாடத்தின் குறிப்பும் இப்படித்தான் வந்தது. இரண்டு கிழமை எனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யுனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் கண்ணால் வாசித்துத் திருத்த வேண்டும், அதுதான் வேலை. போட்டோகொப்பியைப் போன் கெமராவில் பிடித்து பீடிஎப் என்று அனுப்புவது இன்னும் மோசம். அது வெறும் படம்.

கொம்பியூட்டர் இருந்தால் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் போடுங்கள். இலவசம். 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. தமிழும் வாசிக்கும். குரல் கொஞ்சம் தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கும், பழகிவிடும். அன்ட்ரொய்ட் போன் மட்டும்தான் என்றால் அதிலேயே இருக்கிற டோக்பேக் என்ற திரைவாசிப்பான் போதும்.

உண்மை அட்டவணைக்கு நான் பாவித்தது முட்டை அட்டை. கடையில் 30 முட்டை வைக்கிற அந்தத் தாள் அட்டைதான். ஒரு பக்கம் ஆறு குழி, மறுபக்கம் ஐந்து. பி, கியூ என்று இரண்டு மாறிகள் என்றால் நாலு வரிசை, ஒரு அட்டை போதும். மூன்று மாறிகளுக்கு எட்டு வரிசை, இரண்டு அட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள். உண்மைக்குக் கடலை, பொய்க்குச் சட்டைப் பட்டன். விரல் ஓடும்போதே எந்த வரிசையில் பிழைத்தோம் என்று தெரியும்.

வென் வரைபடத்துக்கு வளையல். 'எல்லாப் பசுக்களும் விலங்குகள்' என்றால் பெரிய வளையலுக்குள் சின்ன வளையல். இது சரியாகச் சொன்னால் வென் இல்லை, ஓய்லரின் வட்டம். வென் முறையில் எல்லா வட்டங்களையும் ஒன்றோடொன்று வெட்டும்படி போட்டு, ஒன்றும் இல்லாத பகுதியை நிழலிட வேண்டும். அதற்குச் சணல் கயிற்றைக் கார்ட்போர்ட்டில் ஒட்டி, நிழலிடும் பகுதியில் சாண்ட் பேப்பர் துண்டு வையுங்கள். 'சில' என்று வந்தால் அந்த இடத்தில் ஒரு கடலை.

ஓய்லர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வட்டங்களை அவர் விளக்கியது பல்கலைக்கழக வகுப்பில் இல்லை. 1760 தொடக்கம் 1762 வரை ஒரு ஜெர்மன் இளவரசிக்கு எழுதிய கடிதங்களில். பெண்பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த காலம். அப்போதே ஓய்லருக்கு ஒரு கண் போயிருந்தது. கடைசிக் காலத்தில் இரண்டும் தெரியாமல், சொல்லச்சொல்ல மற்றவர்களை எழுதவைத்துத்தான் வேலை செய்தார். ஆக, கண்ணுக்கான படம் என்று எல்லாரும் நினைக்கிற இது, ஒரு கண்ணோடு இருந்தவர் வகுப்புக்கு வெளியே நின்ற ஒரு பெண்ணுக்குப் போட்டுக் காட்டியது.

அடைப்புக்குறிகள் காதுக்கு எமன். "அடைப்புத் திற, பி அல்லது கியூ, அடைப்பு மூடு, எனின் ஆர்" என்று கேட்டுக்கேட்டு மண்டை வலிக்கும். போலந்துக்காரர் லுகாசியேவிச் கண்டுபிடித்த ஒரு எழுத்துமுறை இருக்கிறது. இணைப்பை முதலில் சொல்லிவிடுவார். "எனின், அல்லது, பி, கியூ, ஆர்." அவ்வளவுதான், அடைப்பே தேவையில்லை. "அல்லது, பி, எனின், கியூ, ஆர்" என்றால் வேறு வாக்கியம். பரீட்சையில் இப்படி எழுத முடியாது. ஆனால் மனதுக்குள் வைத்துக் கணக்குப் போட இதைவிட நல்லது கிடையாது.

பரீட்சைக்கு மேலதிக நேரம், எழுதிக்கொடுக்க ஆள் எல்லாம் பாடசாலை மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது, ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. கேட்பது சலுகை இல்லை.

#5 பாஸ்பேப்பர் | திங்கள், மாலை 4.50

முட்டை அட்டை விஷயம் எனக்கும் தேவைப்படும் போல இருக்கிறது. கண் தெரிகிற பிள்ளைகளே எட்டு வரிசை போடும்போது நாலாவது வரிசையில் தொலைந்துபோகிறார்கள். மற்றதில் என் கருத்து மாறவில்லை.

#6 தலவாக்கலை டீச்சர் | திங்கள், இரவு 8.30

கேட்டுப்படிப்பவன் தம்பி (தம்பி என்று சொல்லலாம்தானே?), உங்கள் பதிவைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். என் குறிப்பு முழுவதும் பாமினிதான். 112 பக்கம். வெட்கமாக இருக்கிறது.

வெண்கட்டி ஐயா சொன்னதை அந்தப் பையனிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் பாடவேளை முடிந்து எல்லாரும் போன பிறகு வந்து "அது எந்தப் புத்தகம் மிஸ்" என்று கேட்டான்.

பாஸ்பேப்பர் சேர் சொல்வதையும் நான் தள்ளவில்லை. அதனால் இன்றைக்குப் பரீட்சைக்கு வேண்டிய ஒரு விஷயத்தையே வேறு விதமாக எடுத்துப் பார்த்தேன். நிபந்தனை எடுப்பு, 'இப்படியானால் அப்படி' என்கிற வாக்கியம். முழுப்பேர் என்றால் தோட்டத்தில் ஒரு முழு நாள் சம்பளம். பலகையில் எழுதியது இது: "18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர் போடுவார்கள். அம்மா 18 கிலோ எடுக்கவில்லை. ஆகவே அம்மாவுக்கு முழுப்பேர் இல்லை." சரியா பிழையா? பதின்மூன்று பேர் சரி என்றார்கள். ஒரு பிள்ளை மட்டும், "இல்லை மிஸ், போன மாதம் மழைக்கு வேலையை நிப்பாட்டிய நாள் கிலோ வரவில்லை, ஆனாலும் முழுப்பேர்தான் போட்டார்கள்" என்றாள். அப்புறம் 'எடுத்தால்' என்பதற்கும் 'எடுத்தால் மட்டுமே' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியே இருக்கவில்லை. அவர்களே பிரித்தார்கள். ஐந்து வருடமாக இந்தப் போலியை (சரி போலத் தெரிகிற பிழையான வாதத்தை) நான் குறிப்பாகச் சொல்லி, பிள்ளைகள் பரீட்சையில் பிழையாகவே எழுதிக்கொண்டு வந்தார்கள்.

பேச்சு அதோடு நிற்கவில்லை. தராசில் சாக்குக்கென்று இரண்டு கிலோ கழிக்கிறார்களே, சாக்கு உண்மையில் இரண்டு கிலோ இருக்குமா, யார் நிறுத்துப் பார்த்தது என்று போய்விட்டது. நீதி என்றால் என்ன என்பது பாடத்திட்டத்தில் இல்லை. நான் தடுக்கவில்லை.

#7 லயத்துப்பையன் | திங்கள், இரவு 11.55

டீச்சர், உங்கள் நல்ல மனசு தெரிகிறது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா அம்மா இருவரும் தோட்டம். எனக்குப் பாடசாலையில் எல்லாப் பாடத்திலும் கொழுந்துதான். கணக்கில் கொழுந்து, கட்டுரையில் கொழுந்து, சித்திரத்தில் கூடை தூக்கிய பெண். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்து உதாரணம் சொன்னால்தான் விளங்கும் என்று யார் முடிவெடுத்தது? கொழும்பில் பெரிய பாடசாலைப் பிள்ளைக்கு "உங்கள் அப்பாவின் கார்" என்றா உதாரணம் சொல்கிறார்கள்? அவனுக்கு ஆமையும் அக்கிலீசும், தேசியஸின் கப்பலும் என்று கிரேக்கர்களின் புதிர்கள். எங்களுக்குச் சாக்கும் தராசும்.

உயர்தரத்தில் ஸீனோவின் ஆமையை, முன்னால் போகிற ஆமையை அக்கிலீஸ் எட்டிப் பிடிக்கவே முடியாது என்கிற புதிரை, கேட்ட நாள் எனக்கு இன்னும் ஞாபகம். குறுக்குப்பாதையில் நாலு கிலோமீற்றர் வீட்டுக்கு நடந்தேன், பாதித் தூரம், அதில் பாதி, அதில் பாதி என்று எண்ணிக்கொண்டே. வாழ்க்கையில் முதல்தடவை, சம்பளத்தையும் லயத்தையும் பற்றி இல்லாத ஒரு நினைப்பு. அது எனக்கு எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று சொன்னால் விளங்காது. எபிக்டீட்டஸ் என்று ஒரு மெய்யியலாளர், அடிமையாக இருந்தவர், கால் ஊனம். அவருடைய வார்த்தைகளை ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸ் உட்கார்ந்து படித்தார். இதை எனக்கு எவரும் வகுப்பில் சொல்லவில்லை, பின்னால் நானாகத் தேடி எடுத்தது. அதைச் சொல்லியிருக்கலாமே?

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள்.

#8 பாஸ்பேப்பர் | செவ்வாய், காலை 7.10

எபிக்டீட்டஸ் தானாக ஒரு வரிகூட எழுதவில்லை தம்பி. அவர் பேசியதை ஆரியன் என்ற மாணவர் குறிப்பெடுத்து வைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது. நோட்ஸைக் குறைத்துப் பேசாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன். :)

#9 வெண்கட்டி | செவ்வாய், காலை 7.40

ஆரியன் குறிப்பெடுத்தது தான் கேட்டு வியந்ததை. நாம் எழுதவைப்பது பிள்ளை இன்னும் கேட்காத கேள்விக்குப் பதிலை.

லயத்துப்பையன் சொன்னது எனக்கு உறைத்தது. ஒன்றைச் சேர்க்கிறேன். பிளேட்டோவின் மெனோ உரையாடலில் சோக்கிரட்டீஸ் ஒரு அடிமைப் பையனைக் கூப்பிட்டு, மண்ணில் சதுரம் கீறி, அதன் பரப்பை இரட்டிப்பாக்குவது எப்படி என்று கேள்வி கேட்டே வரவழைக்கிறார். படிக்காதவனுக்குள்ளும் அறிவு இருக்கிறது என்று காட்ட ஆசிரியப் பயிற்சியில் அடிக்கடி சொல்கிற கதை. நல்ல கதைதான். ஆனால் பையன் கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டதும் அவன் வேலை முடிந்தது. சோக்கிரட்டீஸும் மெனோவும் தங்கள் பேச்சைத் தொடர்கிறார்கள். கடைசிவரை அவனுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. வேலை வாங்கிக்கொண்டு பேர் போடவில்லை, நம் பாஷையில் சொன்னால்.

#10 தலவாக்கலை டீச்சர் | செவ்வாய், மாலை 6.20

லயத்துப்பையன் தம்பிக்கு: கோபம் நியாயம். யோசித்தேன். கிலோக் கணக்கை நான் எடுத்தது பிள்ளைகளுக்கு வேறு விளங்காது என்பதால் இல்லை. அந்த விஷயத்தில் என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும், என்னைத் திருத்தலாம் என்பதால். ஸீனோவின் ஆமையைப் பற்றி எனக்கு அவர்களைவிடத் தெரியும், அதனால் அங்கே அவர்கள் கேட்டுக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் பிழை என்கிறீர்கள், இல்லையா? ஆமைக்கு முன்னால் நானும் அவர்களும் ஒன்றுதான்.

நாளைக்கு ஆமை.

#11 பத்தனைக்காரி | செவ்வாய், இரவு 9.05

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிற்சி பெற்றவள், இப்போது ராகலைப் பக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு மெய்யியலா என்று சிரிப்பார்கள், அதனால் இதுவரை எவரிடமும் சொல்லாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் மத்தியூ லிப்மன் என்ற மெய்யியல் பேராசிரியர் பல்கலைக்கழக மாணவர்களுக்கே ஒழுங்காக நியாயம் பிடிக்க வரவில்லை என்று பார்த்து, சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கதை எழுதினார். 1974இல் அதற்கென்றே ஒரு நிலையமும் தொடங்கினார். முதல் கதையில் ஒரு பையன் வகுப்பில் வால்வெள்ளியைக் கோள் என்று சொல்லி மாட்டிக்கொள்வான். பிறகு தானே யோசிப்பான்: 'எல்லாக் கோள்களும் சூரியனைச் சுற்றும்' என்பதைத் திருப்பிப் போட்டால் பிழைக்கிறது. ஆனால் 'எந்த' என்று தொடங்கி 'இல்லை' என்று முடிகிற வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் பிழைக்கவில்லை. டீச்சருடைய நிறைவிதி ('எல்லாம் இப்படி'), நிறைமறை ('எதுவும் இப்படி இல்லை') எடுப்பெல்லாம் இதுதானே?

ஐந்தாம் தரத்தில் கிழமைக்கு ஒரு நாள், அரை மணித்தியாலம், வட்டமாக உட்காருவோம். புலமைப்பரிசில் வருடம் என்பதால் பெற்றோர் திட்டுவார்கள், அதனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது. மனதுக்குள் பத்து எண்ணுவேன். முதல் மாதம் அந்தப் பத்து வரை எண்ணுவது நரகம். மூன்றாவது விநாடியில் கெட்டிக்காரப் பிள்ளை கையைத் தூக்கும். எட்டாவது விநாடியில்தான் மற்றவர்கள். திக்குகிற ஒரு பையன் இருக்கிறான், அவனுக்குப் பத்தும் போதாது. அவன் துண்டுக் கடதாசியில் எழுதித் தருவான், பக்கத்துப் பிள்ளை வாசிக்கும். இப்போது பேசத் தெரிந்த பிள்ளைகளும் கடதாசி கேட்கிறார்கள்.

#12 தப்புக்காரன் பேரன் | புதன், காலை 5.30

பத்தனைக்காரி அக்கா வட்டமாக உட்கார்வதைச் சொன்னதும் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. காமன் கூத்துக் காலத்தில் தப்பு என்ற பறை அடிக்கிறவர் அவர். தமிழ்நாட்டுப் பக்கம் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடுவார்களாம்; சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது காமன் எரிந்தானா இல்லையா என்று. ஒரு கட்சி பாட்டில் கேள்வி போட்டால் மற்றக் கட்சி பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். விடிய விடிய. எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா, அதில் இரண்டு பக்கமும் பாடிக் காட்டுவார். "நீங்க எந்தக் கட்சி தாத்தா" என்று கேட்டால், "இன்னைக்கு எது ஆள் கொறையுதோ அது" என்பார்.

டியூஷனில் எனக்குச் 'சார்பாகவும் எதிராகவும் வாதிடுக' என்று எழுதவைத்தபோது, இது தாத்தா செய்ததுதானே என்று எவரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

#13 கொஸ்லந்தை | புதன், மதியம் 12.45

இழையை முழுதாக வாசித்தேன். ஒரு எச்சரிக்கை.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆசிரியர் தொகுத்தறி முறையை விளக்க, நல்ல எண்ணத்தோடுதான், மண்மேட்டை உதாரணமாக எடுத்தார். "நாற்பது வருடமாக அந்த மேடு சரியவில்லை, ஆகவே நாளையும் சரியாது. இந்த வாதம் சரியா?" தத்துவ ரீதியாகப் பார்த்தால் நல்ல உதாரணம். மெய்யியலாளர் டேவிட் ஹியூம் கேட்டதும் இதுதான், இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று. ஆனால் அந்த வகுப்பில் 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்த மண்சரிவில் சொந்தத்தை இழந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டது. ஆசிரியருக்கு ஏன் என்றே தெரியாது.

பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து உதாரணம் எடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறோம். யாருடைய வாழ்க்கை, அதை எடுக்க அந்தப் பிள்ளை சம்மதித்ததா என்று கேட்பதில்லை. அம்மாவின் கிலோக் கணக்கும் அப்படித்தான். அந்தப் பிள்ளை தானாகச் சொன்னது நல்லது. நீங்கள் கேட்டு வாங்கியிருந்தால்?

அதற்காக மண்சரிவைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சுவரில் வெடிப்பு வந்தால் ஆட்கள் சொல்கிற முதல் வார்த்தை, "இத்தனை வருசமா ஒன்னும் ஆகலையே." அந்த வாதம் எங்கே பிழைக்கிறது என்று தெரிந்துகொள்வது எங்களுக்குப் புள்ளிக்கான விஷயம் இல்லை. ஆனால் முதலில் கோழியை வையுங்கள். தினமும் தீனி போடுகிற கை ஒரு நாள் கழுத்தைத் திருகும் என்று மெய்யியலாளர் ரஸல் சொன்ன கோழி. மண்மேட்டுக்குப் பிள்ளைகளே வரட்டும். வருவார்கள்.

#14 தலவாக்கலை டீச்சர் | புதன், இரவு 8.15

கொஸ்லந்தை அக்கா, இதை வாசித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் அந்தக் கேள்வியில் 'அம்மா' என்று எழுதியிருக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளைக்கு அம்மா இல்லை. அது எனக்குத் தெரியும், எழுதும்போது மறந்துவிட்டேன்.

#15 கேட்டுப்படிப்பவன் | வியாழன், மாலை 5.10

இன்னொரு விஷயம், முன்பே சொல்லியிருக்க வேண்டும். மொழி.

காதால் படிக்கிறவனுக்குத் தமிழ் வாக்கியத்தில் ஒரு பொறி இருக்கிறது. "எல்லாப் பிள்ளைகளும் பாஸாகவில்லை." இதற்கு என்ன அர்த்தம்? ஒருவரும் பாஸாகவில்லையா, சிலர் பாஸாகவில்லையா? நிறைமறையா, குறைமறையா? பேச்சில் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பிடித்துக்கொள்வோம். கொம்பியூட்டர் குரலில் அது இல்லை. நான் ஒரு தடவை பரீட்சையில் இதனாலேயே ஒரு கேள்வி முழுவதும் பிழைத்தேன். 'எந்தப் பிள்ளையும்', 'சில பிள்ளைகள்' என்று எழுதுங்கள். இது கண் தெரியாதவர்களுக்கு மட்டுமான பிரச்சினை என்று நினைக்காதீர்கள். உங்கள் மற்றப் பதின்மூன்று பேரிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

#16 பாஸ்பேப்பர் | வியாழன், இரவு 9.30

கேட்டுப் பார்த்தேன். என் வகுப்பில் 22 பேர். பன்னிரண்டு பேர் ஒரு பக்கம், பத்துப் பேர் மறுபக்கம். அரை மணித்தியாலம் சண்டை. ஒரு கடந்தகால வினாத்தாள்கூடச் செய்யவில்லை. டீச்சர், சந்தோஷமா?

பகிடி இருக்கட்டும். பதினொரு வருடமாக இந்த வாக்கியத்தை நான் நிறைமறை என்றே எழுதிக்கொடுத்து வந்திருக்கிறேன். சிலர் ஏன் மாற்றி எழுதினார்கள் என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது. அவர்கள் கவனமில்லாத பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன்.

#17 தலவாக்கலை டீச்சர் | ஞாயிறு, மாலை 4.00

ஒரு கிழமைக் கணக்கு.

ஆமை நன்றாகப் போனது. லயத்துப்பையன் தம்பி, அந்த மிஸ்ட் பையன் பலகைக்கு வந்து பாதி, பாதியில் பாதி என்று கோடு கீறிக்கொண்டே போய், வெண்கட்டி முடிந்து நின்றான். எபிக்டீட்டஸையும் சொன்னேன்.

முட்டை அட்டை வெற்றி. இப்போது எல்லாருக்கும் வேண்டுமாம், பக்கத்துக் கடைக்காரர் பழைய அட்டைகளைக் கட்டி வைத்திருக்கிறார். வளையலைப் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். கண் தெரியாத மகள் மூன்று வளையலையும் வைத்து நடுப்பகுதியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மிஸ், மூன்றுக்கும் வெளியே இருக்கிற இடம் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டாள். மேசை அளவு என்று ஒருத்தி சொன்னாள். "மேசைக்கு அப்பால் உள்ளது இந்த வாக்கியத்தில் சேர்த்தியா இல்லையா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பத்தனைக்காரி தங்கச்சி சொன்ன மாதிரி பத்து எண்ணினேன். இருபதும் எண்ணினேன். இன்னும் அந்தக் கேள்வி அப்படியே கிடக்கிறது. இங்கே யாருக்காவது நல்ல பதில் இருந்தால் சொல்லுங்கள், ஆனால் நான் உடனே போய்ச் சொல்லமாட்டேன்.

சரி, உதவி ஒன்று வேண்டும். அந்த 112 பக்கத்தையும் யுனிகோடுக்கு மாற்றிவிட்டேன். திருத்தி வாசிக்க ஆள் வேண்டும். ஒருவர் பத்துப் பக்கம் எடுத்தால் போதும்.

#18 வெண்கட்டி | ஞாயிறு, மாலை 4.35

எனக்கு முப்பது அனுப்புங்கள். எழுத்துப்பிழை பார்ப்பது என் பிழைப்பு.

வளையல் என்றதும் நினைவு வந்தது. மணிமேகலையில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு வேற்றுரு எடுக்கிற மந்திரத்தைக் கொடுக்கிறபோது காரணம் சொல்கிறது: நீ இளையவள், வளையல் போட்டவள், சமயவாதிகள் எவரும் உனக்குப் பொருளை விரித்துச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் பின்னால் வஞ்சியில் ஆண் தவசி வேடத்தில் போய் ஒவ்வொரு சமயவாதியிடமும் கேட்கிறாள். உங்கள் வகுப்பில் அதே வளையலைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் பாடமே நடக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்வதா இல்லையா என்பது உங்கள் இஷ்டம்.

#19 லயத்துப்பையன் | ஞாயிறு, இரவு 7.20

எனக்கு இருபது பக்கம். கடைசிப் பகுதி, விஞ்ஞான முறையைப் பற்றி எழுதிய பொப்பரும் கூனும் வருகிற இடம் தாருங்கள். மொழிபெயர்ப்பு வாசிக்க முடியாமல் இருந்தால் தொடலாமா, எழுத்துப்பிழை மட்டும்தானா?

#20 தலவாக்கலை டீச்சர் | ஞாயிறு, இரவு 7.25

தொடுங்கள் தம்பி. தாராளமாக.

#21 பாஸ்பேப்பர் | திங்கள், அதிகாலை 12.50

முதல் 25 பக்கம் முடித்துவிட்டேன், அனுப்புகிறேன். டீச்சர், 'வியாப்தி' (புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்கிற மாதிரி மாறாத தொடர்பு) என்ற சொல் உங்கள் குறிப்பில் மூன்று விதமாக இருக்கிறது. ஒரு இடத்தில் 'வியாத்தி', ஒரு இடத்தில் 'வியாபதி'. பாமினி மாற்றும்போது வந்ததா, முன்பே அப்படித்தானா? 19ஆம் பக்கத்தில் "எல்லாப் பறவைகளும் பறப்பதில்லை" என்று ஒரு உதாரணம் கிடக்கிறது. நான் கை வைக்கவில்லை. அதைத் திருத்தவா, இல்லை பிள்ளைகள் சண்டை போடட்டும் என்று விடவா?